ஒரு நாயும் மூன்று கோப்பைகளும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பு எண்பத்து நான்காம் வருடம் தை மாதம், பெங்களூர் மைதானம் ஒன்றில் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்ற செபாஸ்டினால் நிகழ்ந்தது. நாயிடம் 'உட்கார்' என்று சொன்னால் அது உட்காரும்.

அக்கா மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குப் போன இடத்தில், சாப்பாடு செரிக்கட்டும் என்று மாமா அவரை அந்த மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே நாய்களுக்கு விளையாட்டுப் போட்டி. ஓர் அம்மாள் விரலை நீட்டினார். கன்றுக்குட்டி உயரம் இருந்த நாய் ஒன்று மூன்று தடைகளைத் தாண்டி, தகர டிரம்முக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, அந்த அம்மாள் காலடியில் உட்கார்ந்து, அடுத்த உத்தரவு என்ன என்று முகத்தைப் பார்த்தது. செபாஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது. பாப்பாரப்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் வெகுகாலமாக உதவியாளர். அவர் சொல்லி அங்கே இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை, எழுந்ததும் இல்லை. பியூனைக் கூப்பிட்டால் பியூன் முதல் வேலையாக வெளியே போவார்.

அவர் கை தட்டினார். விசில் அடித்தார். எந்த நாய் ஓடினாலும் அதன் கூடவே வேலிக்கு இந்தப் பக்கம் தானும் ஓடினார். வேட்டி அவிழ்ந்ததைக்கூட மாமாதான் பார்த்துச் சொன்னார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பஸ் வந்த வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரருக்கு இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பாவம், கிருஷ்ணகிரியில் இறங்க வேண்டியவர், காவேரிப்பட்டணம் தாண்டியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செபாஸ்டினிடமும் ஒரு நாய் இருந்தது. கறுப்பு, வால் நுனி மட்டும் வெள்ளை. பெயர் டைகர். தினமும் விடிந்ததும் வாசலுக்கு வரும். அவர் மனைவி லூர்து மேரி முந்தின நாள் களியைக் கரைத்து வைப்பாள். தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் வேப்ப மரத்தடியில் படுத்திருக்கும்; பிறகு ஊர் சுற்றப் போய்விடும். அதுவரை அவர் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. நம் ஊர் நாய்கள் தமிழில் சொன்னால் கேட்பதில்லை என்பதற்குத் தெருவுக்குத் தெரு ஆதாரம் இருந்தபடியால், பயிற்சி மொழி ஆங்கிலம் என்று தீர்மானிக்கப்பட்டது. துணி காய்கிற மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, ரோடு போட வந்து மிஞ்சிய தார் டிரம் ஒன்றை உருட்டி வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செபாஸ்டினே தாண்டிக் காட்டினார், புகுந்து காட்டினார். டைகர் மரத்தடியில் உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்தது. 'சிட்' என்ற உத்தரவுக்கு மட்டும் அது முதல் நாளே கீழ்ப்படிந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது.

"அது தாண்டுதோ இல்லியோ, உங்க தொப்ப எறங்கிப் போச்சிங்க" என்றாள் லூர்து மேரி.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். மனிதருக்கு அந்த நாய் என்றால் உயிர் என்றாகிவிட்டது. தன் தட்டில் விழுந்த முட்டையில் பாதி அதற்குப் போனது. காலையில் அது வருவதற்குச் சற்றுத் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். டைகர் தன் பிள்ளை மாதிரி என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொன்னார்.

ஒரு பெரிய உண்மை கைக்கு வந்தால் நாகரிகமான சமூகம் என்ன செய்யும்? கழகம் ஆரம்பிக்கும். 'பாப்பாரப்பட்டி வட்டார நாய் விளையாட்டுக் கழகம்' உதயமாயிற்று. தலைவர் செபாஸ்டின். துணைத்தலைவர்கள் நால்வர், செயலாளர், இணைச் செயலாளர், போஷகர், செயற்குழுவினர் எனப் பதினோரு பேர் பொறுப்பேற்றார்கள். இவர்களில் ஒன்பது பேரிடம் நாய் கிடையாது. அதனால் அவர்களுக்குப் பாரபட்சமில்லாமல் செயல்பட வசதியாக இருந்தது.

மாவட்டத்தின் 'முதலாவது மாபெரும்' போட்டிக்கு நாள் குறிக்கப்பட்டது. செபாஸ்டினின் துறையில் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினர். செபாஸ்டினின் பதவி உயர்வு அவர் கையில் இருந்ததும், அவரையே அழைக்க வேண்டும் என்று செபாஸ்டின் ஒற்றைக் காலில் நின்றதும் முற்றிலும் தற்செயல்.

போட்டிக்கு ஆறு நாய்கள் பதிவாகின. அன்று காலை சந்தை மைதானத்துக்கு வந்தவை நான்கு.

குறைந்த இரண்டும் எங்கே என்று நிர்வாகிகள் கலங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்கறிக் கடை நூர் பாஷா மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய ராஜாவைக் காணோமாம். தினமும் உச்சி வெயிலுக்குக் கடை வாசலில் வந்து நிற்குமாம். இன்றைக்குப் போட்டியாயிற்றே, முன்னாடியே பிடித்து வரலாம் என்று ஊரெல்லாம் தேடினாராம். அதற்குள் சைக்கிள் கடை தர்மன் வந்தார். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். பொழுது சாய்ந்ததும் வந்து கடை வாசலில் காவல் படுக்கும் தன் கரியாவைக் காணவில்லை என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். பிறகு இருவரும் ஏககாலத்தில் செபாஸ்டின் கையிலிருந்த கயிற்றையும், கயிற்றின் மறுமுனையையும் பார்த்தார்கள்.

டைகர் வாலை ஆட்டியது. ராஜாவும் ஆட்டியது. கரியாவும் ஆட்டியது. வால் ஒன்றுதான்.

நூர் பாஷா குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "எங்க ராஜாவ எதுக்குங்க கட்டிப் போட்டிருக்கீங்க?"

அடுத்து நடந்ததை வாக்குவாதம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். எலும்பு போட்டு வளர்த்தவன் நான் என்றார் நூர் பாஷா. கார்த்திகை மழையில் சாக்கு போர்த்திவிட்டவன் நான் என்றார் தர்மன். இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் நான் என்றார் செபாஸ்டின். என் நாயை விட்டுக்கொடுப்பதற்கு என் தலையைக் கேளுங்கள் என்று மூவரும் தனித்தனியே அறிவித்தார்கள். தன் வாசலைத் தவிர வேறு வாசலில் அது வால் ஆட்டியிருக்கும் என்பதைச் செபாஸ்டினால் தாங்கவே முடியவில்லை.

கழகம் புளிய மரத்தடியில் அவசரமாகக் கூடியது. வெகுநேரம் விவாதித்து, 'உரிமையாளர்களின் உணர்வுகளைக் கருத்தில் கொண்டு' மேற்படி நாய் மூன்று முறை, மூன்று பெயர்களில் போட்டியிடலாம் என்று முடிவு செய்தது.

அதிகாரி வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் தாமதமாக வந்து சேர்ந்தார். மாலைகள், பொன்னாடைகள், வரவேற்புரை. நாய்கள் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கேட்டன. அவற்றில் ஒன்று ஒலிபெருக்கி அலறியதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒன்று துணைத்தலைவரின் நாற்காலிக்கு அடியில் தூங்கிப்போனது. ஒன்று முதல் தடைக் கழியைக் கடித்து விளையாட ஆரம்பித்தது. ஆக, களத்தில் எஞ்சியது மூன்று பெயர் கொண்ட ஒரு நாய்.

அது தாண்டியது பாருங்கள்! பிறந்ததிலிருந்து தனித்தனியாகவே பார்த்த மூன்று மனிதர்களையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டது. அதற்குத் தலைகால் புரியவில்லை. செபாஸ்டின் 'ஜம்ப்' என்றார். எதிர்முனையில் நூர் பாஷா நின்றார். மூன்று தடைகளும் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நூர் பாஷா உருதுவில் 'சல், பேட்டா', போடா மகனே என்றார். அந்தப் பக்கம் தர்மன். தர்மன் கன்னடத்தில் 'ஓடோ' என்றார். இந்தப் பக்கம் செபாஸ்டின். டிரம்முக்குள் புகுந்தது, வெளியே வந்தது, யாரும் சொல்லாமலே மறுபடியும் புகுந்தது. ஊரே எழுந்து நின்று கத்தியது. செபாஸ்டின் பெங்களூரில் ஓடியதைவிட அதிகமாக ஓடினார். வேட்டியை இந்த முறை முன்கூட்டியே இறுக்கிக் கட்டியிருந்தார்.

முதல் பரிசு டைகர். இரண்டாம் பரிசு ராஜா. மூன்றாம் பரிசு கரியா. பாலக்கோட்டுத் தக்காளிப் பெட்டிகளை அடுக்கி வெற்றி மேடை போட்டிருந்தார்கள். மூன்று படியிலும் மூன்று உரிமையாளர்கள் கோப்பையும் கையுமாக ஏறி நின்றார்கள். எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் நாய் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாய் நன்றியுள்ள பிராணி, அரசு ஊழியர்கள் அதனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம் என்று அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். நாய் அவர் அருகில் வந்தது. முகர்ந்தது. கம்பத்துக்குச் செய்கிற மரியாதையை, பின்னங்காலைத் தூக்கி, அந்த வெள்ளைப் பேண்டுக்குச் செய்தது.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதிகாரி கேட்டார். "இது யார் நாய்?"

கீழ்ப்படிதலில் பெங்களூரையே மிஞ்சிய கணம் இதுதான். ஒரே ஓர் அதட்டல். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து இறங்கினார்கள், கோப்பைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள், தலையைக் குனிந்தார்கள், அசையாமல் நின்றார்கள். எந்த உசத்தி ஜாதி நாயும் இத்தனை சீக்கிரம் பழகியதாகச் சரித்திரம் இல்லை. தங்கள் வீட்டில் நாய் வளர்க்கும் வழக்கமே இல்லை என்றார் நூர் பாஷா. தர்மனுக்குத் திடீரென்று தமிழ் மறந்துபோய், தனக்கு ஒன்றும் தெரியாது என்று கன்னடத்தில் சொன்னார்.

நாய் செபாஸ்டினிடம் வந்து அவர் காலில் சாய்ந்து உட்கார்ந்தது. அவர் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"தெரியலீங்க சார். எங்க தெருவுல சுத்திக்கிட்டிருக்கும். சோறு வெச்சா வரும்."

சொல்லும்போது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. பதவி உயர்வுக்காக மனிதர்கள் இதைவிடப் பெரிய வலியையும் பொறுத்திருக்கிறார்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்றால் பஞ்சாயத்து வண்டியில் ஏற்றுங்கள் என்றார் அதிகாரி. அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். சுருக்குக் கம்பியோடு ஆள் வந்தாயிற்று. கழகத்தின் பதினோரு நிர்வாகிகளும் வானத்தைப் பார்த்தார்கள்; வானத்தில் ஒன்றுமில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து மேரி எழுந்து வந்தாள். தரையில் கிடந்த கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"எங்க வூட்டு நாயிங்க ஐயா. தப்பு எங்களுது. வண்டியில ஏத்தாதீங்க. பேண்ட்டக் குடுத்தீங்கன்னா தொவைச்சித் தந்துடறேன்."

அதிகாரிக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கம்பிக்காரனைக் கையசைத்துப் போகச் சொன்னார். செபாஸ்டின் அவள் முந்தானையை இழுத்து, வாயை மூடு என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதிகாரி அதையும் பார்த்துவிட்டார்.

"இவர் ஏம்மா உங்களைப் பிடிச்சி இழுக்கறார்? இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

லூர்து மேரி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியலீங்க ஐயா. எங்க தெருவுல சுத்திக்கிட்டிருப்பாரு. சோறு வெச்சா வருவாரு."