பத்து மணிப் பூவுக்கு இரண்டாயிரம் வாட் வெயில்

என் வாழ்நாளில் நான் பொறாமைப்பட்ட ஒரே மனிதர் என் சகலை தங்கவேல். ஒரே ஆள் என்பதால் என்னிடம் இருந்த மொத்தப் பொறாமையையும் சிதறவிடாமல் அவருக்கே கொடுக்க முடிந்தது. என் மனைவி சரோஜாவின் தங்கை மல்லிகாவைக் கட்டியவர். துடியலூரில் வீடு, ஒரு மில் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். விருந்து வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இப்படி ஒருவரைச் சகலையாக வைத்துக்கொண்டு இன்னொருவன் மாமியார் வீட்டில் எப்படி நல்ல பெயர் எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் வைண்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் (பாதி நேரம் சரியாகவும் இருக்கும்). உலகத்தில் எந்தப் பிரச்சினையும் சரியான அளவு கரண்டு கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று அப்போது மனதார நம்பினேன்.

மாமியார் கருமத்தம்பட்டியில் இருந்தார். மாமனார் போன பிறகு எட்டு விசைத்தறிகளை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தபோது, வாசல் ஓரம் படர்ந்து கிடந்த பத்து மணிப் பூச்செடியிலிருந்து (நர்சரிக்காரர்கள் டேபிள் ரோஸ் என்பார்கள்) ஆளுக்கு நாலு கொடி கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி இரண்டு மகள்களுக்கும் கொடுத்தார். தண்ணீர் நிரம்பிய குண்டுக் குண்டு இலை, தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும் தண்டு, காலை வெயில் ஏறினால் விரிந்து, மதியம் தாண்டினால் மூடிக்கொள்ளும் பூ. ஒரே செடி, ஒரே நாள், ஒரே பஸ்ஸில்தான் இரண்டு பொட்டலமும் கோவைக்கு வந்தன.

ஆனி மாதத்துக்குள் துடியலூர்ச் செடி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. அதில் ஏறுவெயிலில் விரியும் பூவைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதாக மல்லிகா சொன்னாள். எங்கள் தொட்டியில் தண்டு மட்டும் கொழுத்துப் பாதி அழுகிக் கிடந்தது. ஒரு பூ இல்லை. இத்தனைக்கும் நான் மூன்று வேளை சிறுவாணித் தண்ணீர் ஊற்றினேன், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், வெயில் பட்டால் பாவம் வாடிவிடுமே என்று வராந்தா நிழலில் வைத்திருந்தேன். பிரசவித்த வீட்டில்கூட அப்படி ஒரு கவனிப்பு நடந்திருக்காது.

மனசு பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு துடியலூர் போனேன். ஒற்றறியத்தான். காப்பி குடித்துக்கொண்டே சம்பந்தமில்லாதவன் மாதிரி கேட்டேன்.

"செடிக்கு என்ன போடறீங்க சகலை?"

"ஒண்ணும் போடறதில்லீங்க. வெயில்ல வெச்சுட்டு மறந்துபோடுவேனுங்க. மண்ணு நல்லாக் காஞ்சா மட்டும் கொஞ்சம் தண்ணி. நீங்க வேணும்னா நாலு கொடி கிள்ளீட்டுப் போங்களே."

நான் அதை நம்பவில்லை. ஒன்றும் செய்யாமல் ஒரு செடி பூக்கும் என்றால், இவ்வளவு செய்தும் பூக்காத என்னை என்னவென்று சொல்வது? ஏதோ தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். கொடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக் கொடி என் வீட்டில் பூத்தால் அந்தப் பெயரும் அவருக்குத்தானே போகும்!

அந்தச் சமயத்தில்தான் மாமியார் புதிதாக நாலு தறி போட்டார். நாலுக்கும் மோட்டார் காயில் சுற்றியது நான். ராத்திரி பகலாக உட்கார்ந்து, ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றினேன். ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் தறி ஓட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் புதுத் தறிக்கு முதல் சுவிட்சை ராசியான கை போட வேண்டும் என்பார்கள். அது என் கையாகத்தான் இருக்கும் என்று நான் புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டேன். மாமியார் சரோஜாவிடம் சொன்னதோ வேறு.

"சின்ன மாப்பிள்ளையவே போடச் சொல்லீரலாம் அம்மணி. அவரு கையி நெம்ப ராசி. குச்சிய நட்டாக்கூடப் பூக்குது. பெரிய மாப்பிள்ளை தப்பா நெனச்சுக்க மாட்டாரு."

தப்பாகத்தான் நினைத்தேன். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. டைப் அடிக்கிற மனிதர் என் மோட்டாருக்கு சுவிட்சு போடுவதா? அதுவும் ஒரு பூச்செடியை வைத்தா கைராசியை முடிவு செய்வது? ஆனால் முடிவு செய்கிறவர் மாமியார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கருமத்தம்பட்டியில் யாரும் இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி, ஆவணிக்குள் என் கையாலும் பூக்கும் என்று அவர் கண்ணுக்குக் காட்டுவதுதான்.

புண்ணாக்கை இரட்டிப்பாக்கினேன். அப்புறம் பத்து நாள் வேலையாகப் பொள்ளாச்சி போக வேண்டியிருந்தது. திரும்பி வந்த மறுநாள் காலை பத்தரைக்குப் பார்த்தால் தொட்டி தெரியவில்லை, அவ்வளவு பூ. ரோஸ், மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு. வாய்விட்டுக் கத்தினேன். எல்லாம் என் புண்ணாக்கு மகிமை என்று நாங்கள் குடியிருந்த ஆறு வீட்டு லைன் முழுக்கச் சொன்னேன். (நான் ஊருக்குப் போன அன்றே சரோஜா அழுகின தண்டையெல்லாம் கிள்ளிப்போட்டு, மண்ணை மாற்றி, தொட்டியை வெயிலில் வைத்து, தண்ணீரையும் நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரிய வந்தது நாலு வருஷம் கழித்து. தொட்டி இடம் மாறியிருந்ததுகூட அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.)

உடனே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மாமியாருக்குப் போன் போட்டேன். "அத்தை, ஒரு தடவ நம்ம ஊட்டுக்கு வந்து செடியப் பாத்துட்டு, பொறவு சுவிட்சு விசயத்த முடிவு பண்ணுங்க" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அதுக்கென்னுங்க மாப்பிள்ளை. வர்ற ஞாயித்துக்கெழம காத்தால வாரேனுங்க. நீங்க சொல்றது நெசமுன்னா நீங்களே போடுங்க."

அந்த ஞாயிறும் வந்தது. சகலையும் மல்லிகாவும் பதினோரு மணிக்கே வந்துவிட்டார்கள். செடியைப் பார்த்துவிட்டுத் தங்கவேல் அசந்து நின்றார். "எங்க ஊட்டுலகூட இத்தன நெறம் இல்லீங்க சகலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். சந்தோஷத்தில் அவர் இலையில் இரண்டு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினேன்.

மாமியார் மட்டும் வரவில்லை. எதிர் மளிகைக் கடைக்குப் போன் வந்தது. தறி மாட்டுகிற ஆள் வந்துவிட்டதாகவும், அந்த வேலையை முடித்து, எமகண்டம் கழித்துப் பஸ் ஏறி மூன்றரை மணிக்கு வருவதாகவும் சொன்னார். மூன்றரைக்கு ஒரு பூகூட விழித்திருக்காது.

"அம்மா ராத்திரி தங்கீட்டு, நாளைக்குக் காத்தால பாத்துட்டுப் போகட்டுமே" என்றாள் சரோஜா. திங்கட்கிழமை காலையில் தறியை விட்டுவிட்டு அவர் தங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

தங்கவேல் மெதுவாகச் சொன்னார். "நானே பாத்தனுங்களே சகலை. பூ அத்தனையும் விரிஞ்சிருந்துச்சுன்னு அத்தைகிட்ட நான் சொல்லீர்றேன். அவங்க நம்புவாங்க."

நம்புவார்தான். அங்கேயே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் என் கைராசிக்குத் தங்கவேல் சர்டிபிகேட் கொடுப்பதா? "வேண்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

இரண்டு மணிக்குப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தன. நான் வைண்டர் மூளையால் யோசித்தேன். வெயிலுக்குத்தானே விரிகிறது? வெயில் என்பது என்ன? வெளிச்சமும் சூடும். அவ்வளவுதானே! எங்கள் லைனில் கடைசி வீட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் இருந்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் வேர்க்க வைக்கிற ஆயிரம் வாட் லைட் இரண்டு அவரிடம் இருந்தது. அரை மணி நேரத்துக்கு என்று கெஞ்சி இரண்டையும் வாங்கி வந்தேன்.

ஹாலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தேன். ஒரு லைட்டை நாற்காலியில் கட்டினேன். இன்னொன்றுக்கு இடமில்லை. சகலையைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அந்த மனிதரும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவிட்சைப் போட்டதும் ஹால் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது.

"இன்னும் கிட்டக் கொண்டாங்க சகலை."

"நெம்பச் சூடா இருக்குதுங்களே."

"சூரியன் மட்டும் குளுகுளுன்னா இருக்குது? கிட்டக் கொண்டாங்க."

சற்று நேரம் கழித்து மறுபடியும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சகலை, ஏதோ வேகற வாசம் வருதுங்க." வடைக்கு ஏதாவது வேகிறதாக இருக்கும் என்றேன். அடுப்படியில் சரோஜா அப்போதுதான் உளுந்தை கிரைண்டரில் போட்டு ஓடவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் மாமியார் வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு ஒரு பூவைப் பார்த்தேன். இதழ் ஒன்று தளர்ந்து வெளியே சாய்ந்த மாதிரி இருந்தது.

"அத்தை, வாங்க வாங்க! விரியுது பாருங்க!" என்று கத்தினேன்.

வெளியே கரண்டுக் கம்பத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். லைட் இரண்டும் அணைந்தன. கிரைண்டர் நின்றது. ஆறு வீட்டு ஃபேனும் நின்றது. இந்தியா பேட்டிங் செய்துகொண்டிருந்த ஆறு வீட்டு டி.வி.யும் நின்றது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று என் வீட்டு ஃபியூஸில் தடிக் கம்பி போட்டு வைத்திருந்தேன் (மோட்டார் மெக்கானிக் வீட்டு லட்சணம்!). அதனால் என் வீட்டில் போக வேண்டியது கம்பத்தில் போய், லைன் மொத்தமும் படுத்துவிட்டது. அரை நிமிடத்தில் ஐந்து வீட்டு ஆண்களும் பனியனோடு என் வாசலில் நின்றார்கள். கடைசியாக வீடியோக்காரர் வந்து பல்பைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

மாமியார் யாரையும் கவனிக்காமல் நேராக ஸ்டூலிடம் போனார். தொங்கிய கொடி ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். அது குழைந்து கையோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார்.

"இதும் பருப்புக் கீரைக்குச் சொந்தந்தானுங்க மாப்பிள்ளை. பதமா வெந்திருக்குது. உப்புப் போட்டுக் கடைஞ்சா சோத்துக்கு ஆவும்."

மேட்சை இழந்து நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிளம்பும்போது மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"நாலு புதுத் தறிங்க. கடன ஒடன வாங்கிப் போட்டது. அன்னைக்கு நீங்க சுவிட்சுப் பக்கமே வந்துபோடாதீங்க. பந்திய மட்டும் பாத்துக்குங்க, அது போதுமுங்க."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. தறி ஓட்டுகிற நாளில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்தலில் நின்றேன். உள்ளே மணி அடித்தது, கற்பூர வாசம் வந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்போது தங்கவேல் வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீங்க சுத்துன மோட்டாருங்க சகலை. நீங்க இல்லாம நான் எப்படிப் போடறது?"

இழுத்துக்கொண்டு போனார். மாமியார் வாயைத் திறப்பதற்குள் என் விரலை சுவிட்சின்மேல் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். நாலு தறியும் ஓடின. அதோடு என் பொறாமை தீர்ந்துபோயிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கூடிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாளியோடு நிற்கிறவன் ஞாபகமே எனக்கு வந்திருக்காது.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் கரண்டு போனாலும், "பெரிய மாப்பிள்ளை எங்கியோ பூ விரிக்கறாரு போல" என்பார்கள். நடுவில் தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். என் பேரன் பேத்திகள் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றதும், யாரென்றே தெரியாத ஒரு சமையல்காரர் சொன்னார்.

தங்கவேல் மட்டும் சிரிக்க மாட்டார். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இல்லீங்க, நான்தான் லைட்டப் புடிச்சுட்டு நின்னேன். அன்னைக்கு நெசமாலுமே ஒரு பூ விரிஞ்சுதுங்க, என் கண்ணால பாத்தேன்" என்பார். ஒரு பூவும் விரியவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் தலையாட்டி ஒத்துக்கொள்கிறேன். பொறாமையில் வயிறு எரிகிறது.