பேச்சியம்மா குடத்து வண்டு

உலகத்து உயிர்கள் இரண்டு வகைப்படும்: மயில்வாகனம் மாஸ்டர் வகைப்படுத்தியவை, அவர் இன்னும் வகைப்படுத்தாதவை. இரண்டாம் வகை பாவப்பட்டது. தான் யாரென்றே தெரியாமல் பிறந்து, தின்று, பெருகி, செத்துப்போகிறது. அதன்மேல் இரக்கப்பட்டுத்தான் கடவுள் மாஸ்டரைப் படைத்தார். அவர் கையில் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தார்.

மாஸ்டர் குருநாகல் பக்கம் விலங்கியல் படிப்பித்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் வீடு எரிய, மனைவி நேசமலரையும் பூதக்கண்ணாடியையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு லொறியில் ஏறினார். ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் தகப்பனார் காலத்து வயல் இருந்தது. மாத்தளைத் தோட்டத்துக் கூலியாள் லயத்திலிருந்து தப்பிவந்த ஆண்டியப்பனும் பேச்சியம்மாவும் அதே லொறியில்தான் இருந்தார்கள். வழியில் கத்தியோடு ஒரு கூட்டம் மறித்தபோது எல்லாரும் ஒரே சாக்குக்குக் கீழே படுத்தார்கள். அந்தக் கண்டம் தாண்டியபின் ஒரே தகரப் பேணியில் தண்ணீர் குடித்தார்கள்.

லொறியால் இறங்கியதும் மாஸ்டருக்கு அறிவியல் நிதானம் திரும்பிவிட்டது. தாம் ‘காணிக்காரர்’, ஆண்டியப்பன் ‘வந்த ஆள்’ என்று உடனே வகைப்படுத்திவிட்டார். தங்கமான மனிதர், வயலில் வேலையும் கொடுத்தார். பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்குத்தான் வழியில்லை. அதற்கென்று ஒரு ‘பரிபாலன சபை’ இருந்தது, அதன் தலைவரும் மாஸ்டர்தான். ஆகவே ஆண்டியப்பனும் அவனைப்போல வந்த குடும்பங்களும் குளத்துக்குப் பின்னால் கோரை மண்டிய சதுப்பில் ஒரு குழி தோண்டி, ஊறியதைக் குடித்தார்கள்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒரு நாள் காலை பேச்சியம்மா இடுப்பில் குடத்தோடு மாஸ்டர் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள்.

“ஐயா, இந்தத் தண்ணியக் கொஞ்சம் பாருங்க. இதக் குடிச்சுத்தான் எங்க சின்னவ இலட்சுமிக்கு வயித்தால போறது நிக்க மாட்டேங்குது. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சுங்க. கெணத்துல அள்ளிக்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

மாஸ்டர் குனிந்து குடத்துக்குள் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கின. பேச்சியம்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

“பின்னங்கால்!” என்றார் மாஸ்டர்.

“என்னங்க ஐயா?”

“குடத்து விளிம்பிலை இருக்கிற வண்டின்ரை பின்னங்காலைப் பார்! என்ன தொடை! தெள்ளுப்பூச்சி மாதிரித் துள்ளுது. சதுப்பு வண்டு! தண்ணிக்குள்ளை அதின்ரை குடம்பிப் புழுவள் நெளியுது, உணர்கொம்பு என்ன நீளம்! இது உங்கடை தண்ணியிலை எவ்வளவு காலமா இருக்கு?”

“நாங்க வந்த நாள்லேருந்து இருக்குதுங்க.”

“பாக்கியசாலியள்!” என்றார் மாஸ்டர், உண்மையான பொறாமையோடு.

குடம் ‘ஆய்வுக்காக’ அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது. பேச்சியம்மா வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

சதுப்பு வண்டில் ஒரு சங்கடம் உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்: அரிசியளவு உடம்பு, மண்ணிறம், சாதுவான முகம். எந்தச் சாதி, எந்த இனம் என்று அறிய ஆண் வண்டின் வயிற்றைக் கிழித்து, மறைவிடத்து உறுப்பை வெளியே இழுத்து, கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது, முள் எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த உயர்ந்த பணியை மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் வைத்து, நேசமலரின் தையல் ஊசியால் செய்தார்.

“இஞ்சேருங்கோ, உதென்ன கண்றாவி? சோத்துக் கோப்பை வைக்கிற இடத்திலை?”

“நேசம், இதுதான் ஆணின்ரை முத்திரை. பூட்டுக்குத் திறப்பு மாதிரி, இனத்துக்கு இனம் வேறை.”

“அதுவும் குடும்பம் நடத்திற சீவன்தானே. ஊசியை விட்டு நோண்டிப் பாக்க உங்களுக்கு வெக்கமாயில்லையே?”

“விஞ்ஞானத்திலை வெக்கமில்லை.”

“அது தெரியுது. ஆண்டியப்பன்ரை பெட்டை இன்னும் எழும்பேல்லையாம். கிணத்துக் கதை என்ன மாதிரி?”

“அது சபையின்ரை விசயம். சபையிலை கதைப்பம்” என்று மாஸ்டர் அடுத்த வண்டைக் கிழித்தார்.

புத்தகத்தில் இருந்த எந்தப் படத்தோடும் அந்தக் கொக்கி ஒத்துப்போகவில்லை. புத்தம்புதுச் சாதி! மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. அடக்கம் கருதி அதற்கு ‘மயில்வாகனியா’ என்று மட்டும் பெயரிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடிப் பாலைமரத்து நிழலில் சபை கூடியது. ஆண்டியப்பன் நிழல் முடியும் இடத்தில், வெயிலில் நின்றான். முதல் விடயம் கிணறு. செயலாளர் கனகலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“எங்களுக்கு அதுகளிலை ஒரு கோபமுமில்லை. ஆனா அதுகள் வேறை, நாங்கள் வேறை. பாத்தவுடனை தெரியுதுதானே.”

“ஓமோம், பாத்தவுடனை தெரியுது” என்றது சபை.

மாஸ்டர் பிரச்சினையை இன்னும் ஆழமாகப் பார்த்தார். அந்தக் குழியில் ஆள் நடமாட்டம் நின்றால் கோரை மூடிவிடும். மயில்வாகனியாவின் கதி என்ன? ஆகவே ‘உலக அறிவின் நன்மை கருதி’ அந்தக் குடும்பங்கள் குழித் தண்ணீரையே தொடர்ந்து பாவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. அவர்களுடைய தியாகத்துக்கு நன்றியும் தெரிவிக்கப்பட்டது. கைதட்டல் பலமாக இருந்தது.

இரண்டாம் விடயம் வண்டு. ஒரு ஸ்டூலின்மேல் இரண்டு வண்டுகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. பக்கத்தில் குடம்பிகளோடு பேச்சியம்மாவின் குடம். சபையார் வரிசையில் நின்று பார்த்தார்கள். கடைசியில் மாஸ்டருடைய பெரிய மனம் குடத்துக்காரரையும் நினைத்தது.

“ஆண்டியப்பன், நீயும் வந்து பார். இடப்பக்கம் புத்தகத்திலை இருக்கிற பழைய வண்டு. வலப்பக்கம் புதுச் சாதி.”

ஆண்டியப்பன் நிழலுக்குள் வந்து, கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தான்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குங்க ஐயா?”

“அதுதான் விசயமே!” மாஸ்டர் பூரித்துப்போனார். “வெளியாலை பாத்து வித்தியாசம் சொல்ல உலகத்திலை ஒருத்தராலும் ஏலாது. என்னாலையும் ஏலாது. வெட்டிப் பாத்தால்தான் தெரியும்.”

“அப்ப ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேள், கேள். கேள்விதானே அறிவின்ரை வாசல்.”

“அன்னிக்கு லொறிய மறிச்சு நின்னவங்க உங்களயும் என்னயும் ஒண்ணாத்தாங்க வெட்ட வந்தாங்க. அவங்களுக்கே வித்தியாசம் தெரியல. நீங்க மட்டும் வெட்டிப் பார்க்காமயே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

மாஸ்டர் பூதக்கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்தார்.

“கனகலிங்கம்,” என்றார் கடைசியில், “குடம்பியளுக்குத் தண்ணி மாத்த வேணும். இந்த ஊத்தைத் தண்ணியிலை செத்துப்போடுங்கள்.”

கனகலிங்கம் ஓடிப்போய்ப் பொதுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிவந்து, பேச்சியம்மாவின் குடம் நிறைய ஊற்றினார்.