ஆஷ்பி கிரீக்கின் ஒற்றைக் கழுதை ஓட்டு

கோழிக்கூண்டின் கூரையைக் காற்று புரட்டிப் போட்டிருந்தது. ஹாய்ட் லெட்பெட்டர் அதைக் கவனிப்பதற்குள், முட்டை வாங்க வந்த டப் ஸ்க்ரோகின்ஸ் கவனித்துவிட்டார்.

"என்னப்பா ஹாய்ட், கழுதைக் கட்சி போர்டெல்லாம் உன் வீட்டுல இருக்கு?"

"நெடுஞ்சாலை ஓரத்துல கிடந்துச்சு. கூரைக்கு ஆகுமேன்னு எடுத்துட்டு வந்தேன். வேட்பாளர் பேரைக் கீழ்ப்பக்கமா வச்சுத்தான் அடிச்சேன்."

"கோழிங்க படிக்கட்டும்னா?"

டப் சிரித்தார். ஆனால் முட்டையை வாங்காமலே போய்விட்டார்.

அலபாமாவில் ஆஷ்பி கிரீக் என்றால் யானைச் சின்னத்து ஊர். ஒவ்வொரு தேர்தலிலும் யானைக்கு இருநூற்றுப் பதினொரு ஓட்டு விழும். எதிர்க்கட்சியின் கழுதைச் சின்னத்துக்கு ஒன்று. அந்த ஒரு ஆள் யார் என்று இருபது வருடமாக ஊர் தேடிக்கொண்டிருந்தது. முடிதிருத்தும் கடையில் வேறு பேச்சே கிடையாது.

ஹாய்ட் பிறந்ததிலிருந்து யானைக்காரர். கட்சியைவிட அவருக்குப் பெரிது அடுப்பு. தேர்தல் முடிந்த சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் விருந்துக்கு, முழுப் பன்றியைப் புகையில் வேகவைக்கும் பொறுப்பு பத்தொன்பது வருடமாக அவருடையது. பன்றியைப் புரட்டும் நீளமான இரும்பு முள்கரண்டியை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர், நிலையத்தின் தலைவரான டப்.

அன்று சாயங்காலமே ஹாய்ட் கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். மறுநாள் மழை பெய்தது. சிவப்பு வழிந்தோடி, பெயர் பளிச்சென்று கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. கோழிகள் வேறு சிவந்து போயிருந்தன.

"ஒளிச்சு வைக்கப் பார்த்திருக்கான்" என்றது முடிதிருத்தும் கடை.

ஹாய்ட் மாவட்டத் தலைநகருக்குப் போய் யானைக் கட்சிப் போர்டுகள் பதினான்கை வாங்கிவந்து, வீட்டு முன்புல்லில் நட்டார்.

"பதினாலா? இது என்ன வீடா, கட்சி ஆபீஸா?" என்றாள் மனைவி வெர்லீன். "ஒண்ணு நட்டா நம்பிக்கை, மனுஷா. பதினாலு நட்டா பயம்."

அவள் சொன்னதைத்தான் ஊரும் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டப் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஹாய்ட்டு, மனசுல வச்சுக்காத. இந்த வருஷம் அடுப்பை என் மச்சான்கிட்ட குடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"உன் மச்சானா? அவனுக்கு ரொட்டி சுடவே தெரியாதே."

"ஆனா அவன் கூரை சுத்தமா இருக்கு."

ஹாய்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது.

"சரி. செவ்வாய்க்கிழமை நான் ஓட்டே போடல. ஓட்டுச்சாவடிக்கு எதிர்ல பெஞ்சுல காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். அப்பவும் கழுதைக்கு ஒரு ஓட்டு விழுந்தா அது நான் இல்லைன்னு ஒத்துக்குவியா?"

"நடுவுல நீ நழுவி உள்ள போயிட்டா?"

"சாட்சி வச்சுக்கறேன். நம்ம பாஸ்டர் டாலிவரே என் பக்கத்துல உக்காரட்டும். அவர் பொய் சொல்லுவாரா?"

பாஸ்டர் வேதாகமத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். "நான் ஓட்டுப் போட வேண்டாமா?"

"இருநூத்துப் பதினொண்ணுல உங்க ஒண்ணு குறைஞ்சா யானை செத்தா போயிடும், பாஸ்டர்?" என்றார் டப்.

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் கடைசியாகச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஓட்டுச்சாவடி திறக்கும் முன்பே ஹாய்ட் பாஸ்டரை வீட்டிலிருந்து அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். வெர்லீன் ஒரு வாளி நிறைய அவித்த வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருந்தாள். இருவரும் உரித்துத் தின்றார்கள்.

பத்து மணிக்குப் பாஸ்டர் எழுந்தார்.

"எங்க பாஸ்டர்?"

"கால் மரத்துப் போச்சு."

"அப்ப வாங்க, ரெண்டு பேரும் நடப்போம்."

நான்கு மணிக்கு, உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஹாய்ட்டும் கூடவே போனார். நோயாளி தோட்டத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஆறரை மணிக்குமேல் பாஸ்டர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நமக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று ஹாய்ட்டுக்குக் கண் கலங்கியது.

ஏழு மணிக்குச் சாவடி மூடியது. எண்ணி முடித்து, முடிவு அச்சான நீளக் காகிதத்தைக் கதவில் ஒட்டினார்கள். டப் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"யானை, இருநூத்துப் பத்து. கழுதை..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "கழுதை, பூஜ்யம்."

ஊரே திரும்பி ஹாய்ட்டைப் பார்த்தது.

"இருங்கப்பா" என்றார் ஹாய்ட். "ஓட்டுப் போடாதது நான் மட்டும் இல்லையே. பாஸ்டரும்தான போடல."

"அதான் கணக்கு சரியா வருது" என்றார் டப். "யானைல ஒண்ணு குறையுது, அது பாஸ்டரோடது. கழுதைல ஒண்ணு குறையுது. அது யாரோடதுன்னு நான் வேற சொல்லணுமா?"

அந்தக் கணக்கில் ஹாய்ட்டுக்கே ஒரு தவறும் தெரியவில்லை. அன்றிரவு படுக்கையில், "ஒருவேளை நான்தான் மாத்தி மாத்திக் குத்திட்டு வந்திருக்கேனா?" என்று வெர்லீனைக் கேட்டார்.

"தூங்கு மனுஷா" என்றாள் அவள்.

சனிக்கிழமை முள்கரண்டி டப்பின் மச்சான் கைக்குப் போனது. பன்றி மேலே கரி, உள்ளே பச்சை. ஊரே மென்றுகொண்டிருந்தது, யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. ஹாய்ட் காகிதத் தட்டோடு கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் டாலிவர் வந்து எதிரில் அமர்ந்து, தட்டில் இருந்ததை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீங்களாவது என்னை நம்புறீங்களா, பாஸ்டர்?"

"நம்புறது என்னப்பா, நீ இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

பாஸ்டர் இருபுறமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருபது வருஷமா அந்த ஒரு ஓட்டைப் போட்டவன், செவ்வாய்க்கிழமை பூரா உன் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தான்."