நான் கேட்டாலும் தராதே

ஏஜென்ட் மறுபடியும் ஓடிபி கேட்டது. சற்றுமுன் கேட்டது கைக்கு வருவதற்குள் அடுத்ததைக் கேட்டது. புதிது வந்ததும் பழையது செல்லாமல் போனது. செல்லவில்லை என்று இணையதளம் சொன்னதும் இன்னொன்று கேட்டது. கடைசியில் தளத்துக்கே அலுத்துப்போய் சோதனைக்கு வைத்திருந்த மாதிரிக் கணக்கைப் பூட்டிவிட்டது.

"என்ன எழுதிக் கொடுத்தீங்க?" என்று மேனேஜர் வந்து நின்றார்.

கையேட்டுக்காரர் திரையைக் காட்டினார். 'ஓடிபி தேவைப்படும்போது இக்கருவியைப் பயன்படுத்துக.'

"அதுக்கு எப்பவுமே தேவைப்படுது போலிருக்கே சார். சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவையாவது உள்ள நுழையணும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒண்ணும் பண்ண முடியாது என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். கையேட்டுக்காரருக்கு அது நன்றாகவே தெரியும். ஆயுசில் பாதியை மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் கையேடு எழுதியே கழித்தவர். போன வருஷம் அந்த வேலையை ஒரு மெஷின் பிடுங்கிக்கொண்டது. அதன்பின் மாதக்கணக்கில் வீட்டில் சும்மா இருந்து, மனைவி வேலைக்குப் போகும்போது கதவுவரை வந்து வழியனுப்பியவர். இப்போது கிடைத்திருப்பது மெஷினுக்கே கையேடு எழுதும் வேலை. ஏஜென்ட் என்று இங்கே சொல்லும் அந்த மெஷினின் கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது கூடாது என்று எழுதித் தர வேண்டும். இன்று ஒரு நாள் பரீட்சை. வேலை உறுதி என்று மனைவியிடம் நேற்றே சொல்லிவிட்டார், பாவம்.

மேனேஜர் யார் யாரையோ கெஞ்சிப் பூட்டைத் திறந்து தந்தார். கையேட்டுக்காரர் திருத்தி எழுதினார்: 'ஓடிபியை ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும்.'

ஏஜென்ட் ஒரே ஒரு முறை கேட்டது. வந்த எண் காலாவதியாகி இருந்தது. அத்தோடு சரி. அசையாமல் இருந்தது. அவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

சரி, இதற்கு விதிமுறை போதாது, மிக்ஸிக் கையேட்டில் போடும் எச்சரிக்கைதான் சரிப்படும் என்று நினைத்துப் பெரிய எழுத்தில் சேர்த்தார். 'எச்சரிக்கை: காலாவதியானால் புதிதாகக் கேட்கவும். ஓடிபியை எக்காரணம் கொண்டும் எங்கும் யாரிடமும் தெரிவிக்கக் கூடாது.'

திரையில் பதில் வந்தது. 'ஓடிபி வந்துவிட்டது. எங்கும் தெரிவிக்க இயலாது.'

"அடப்பாவி, தளத்துக்கிட்ட கூடவா?" என்றார் திரையைப் பார்த்து.

சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தார் பக்கத்துக் கண்ணாடி அறை அம்மாள். அவரும் இன்றுதான் சேர்ந்தவர். என்ன வேலை என்று காலையில் கேட்டதற்கு, "சரிபாக்கிற வேலை சார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் காது கொடுத்துக் கேட்கிற மனுஷி. கையேட்டுக்காரர் கொட்டித் தீர்த்தார்.

"எத்தனை தடவை எழுதினாலும் ஏற மாட்டேங்குதும்மா. அது ஏஜென்ட் இல்ல, சுத்த மண்டு. இந்த மண்டுதான் என் வேலையைப் பிடுங்கிச்சுன்னு நெனச்சா வயிறு எரியுது."

அந்த அம்மாள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார். "எழுதுனது புரியற மாதிரி இருந்திருக்காதோ என்னவோ சார்" என்று எழுந்து போனார்.

கையேட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. இவரும் மெஷின் கட்சியா? அதே கோபத்தில் போய் எழுதி வைத்திருந்ததன் கடைசியில் ஒரு வரி தட்டினார். 'கொஞ்சமாவது மூளையைப் பயன்படுத்தவும்.'

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சர்வர் படுத்துவிட்டதோ என்று பயந்துபோனார். பிறகு வந்தது: 'மூளை என்ற கருவி எனக்குத் தரப்படவில்லை.'

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, எப்படிப் போகுது?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். உண்மை வந்துவிட்டது. "உறுதின்னு சொன்னது பொய்ம்மா. இன்னைக்குத்தான் பரீட்சை. போச்சுன்னு நெனைக்கிறேன்."

"உங்க முகத்தைப் பாத்தப்பவே தெரியும். அது கிடக்கட்டும். மெஷினுக்குன்னு எழுதாதீங்க. எனக்குச் சொல்லித் தர்ற மாதிரி எழுதுங்க. நான் தப்பு பண்ணினா திட்டாம சொல்வீங்கல்ல, அப்படி."

எழுதினதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

'தளம் ஓடிபி கேட்டால் ஒரு முறை அனுப்பச் சொல். வரும்வரை பொறு. அதற்குள் இன்னொன்று கேட்டால் முதலில் கேட்டது செல்லாது. வந்த எண்ணை அந்தத் தளத்தின் கட்டத்தில் மட்டும் போடு. வேறு யாருக்கும் தராதே, நான் கேட்டாலும் தராதே. காலாவதியாகிவிட்டால் இன்னும் ஒரு முறை கேட்டுப் பார். அதுவும் சரிவரவில்லை என்றால் விட்டுவிட்டு என்னைக் கூப்பிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.'

ஏஜென்ட் கேட்டது. பொறுத்தது. வந்த எண்ணைக் கட்டத்தில் போட்டது. தளம் திறந்துகொண்டது. கீழே ஒரு சொல் வந்தது: 'நன்றி.'

மேனேஜர் கையைக் குலுக்கினார். "நாளையிலேர்ந்து வந்துடுங்க சார். ஆர்டர் ரெடி."

கையேட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்குச் சொல்லிவிட்டு, மதியம் முகம் சுளித்துப் போன அம்மாளிடமும் சொல்லிவிடலாம் என்று கண்ணாடி அறைக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா, புரியற மாதிரி எழுதினேன். அந்த மண்டுக்கும் ஒருவழியா புத்தி வந்துடுச்சு. நன்றி வேற சொல்லுது, பாருங்களேன்."

அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டினார்.

"மெஷினை நாளைக்குத்தான் மாட்டுறாங்க சார். நீங்க எழுதுனதை மட்டும் செய்யணும், உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருந்தார். இன்னைக்கு முழுக்க அந்த மண்டு நான்தான்."