நான் திருப்தியடைந்த வரலாறு

மக்களாட்சி கேள்வியில் தொடங்கி, திருப்தியில் நிறைவு பெறுகிறது. கேள்வி கேட்க எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். திருப்தியடைவதை ஒரு கலையாக வளர்த்தெடுத்தவர்கள் நாங்கள். அந்தக் கலையில் எனக்கு இணையானவர் கருங்கடலின் இந்தக் கரையில் யாரும் இல்லை என்பதை மிகுந்த அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

என் பெயர் வெனெலின் கராஜோவ். ஒரு மலை மாவட்டத்திலிருந்து மூன்று முறை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். ஆளுங்கட்சி. எங்கள் அவையில் வெள்ளிக்கிழமைதான் கேள்வி நாள். உறுப்பினர் கேள்வியைப் படிப்பார். அமைச்சர் பதிலைப் படிப்பார். பிறகு உறுப்பினர் மறுபடி எழுந்து, பதில் தமக்குத் திருப்தி அளிக்கிறதா இல்லையா என்று அவைக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம். 'திருப்தி இல்லை' என்றால் விவகாரம் வளரும்: துணைக்கேள்வி, விவாதம், மனக்கசப்பு. 'திருப்தி' என்றால் கோப்பு மூடப்படும். அந்த அவையின் ஆயுள் முடியும்வரை அதே கேள்வியை மறுபடி யாரும் எழுப்ப முடியாது.

பதினோரு ஆண்டுகளில் நான் நூற்று எண்பத்தாறு கேள்விகள் கேட்டேன். நூற்று எண்பத்தாறு முறை திருப்தியடைந்தேன். என் மனைவி இதை நம்புவதில்லை. "வீட்டுல ஒரு சூப்புக்குக் கூட நீங்க திருப்தின்னு சொல்லி நான் கேட்டதில்லையே" என்பாள். வீடு வேறு, அவை வேறு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் செயல்முறையை இளம் உறுப்பினர்களின் நலன் கருதி வெளியிடுகிறேன். திருப்தி உரையை நான் புதன்கிழமையே தட்டச்சு செய்து வைத்துவிடுவேன். "அமைச்சரின் விரிவான, தெளிவான, துணிச்சலான பதிலுக்கு நன்றி. இன்ன ஊர் மக்கள் சார்பில் முழுத் திருப்தி தெரிவித்துக்கொள்கிறேன்." நடுவில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். அமைச்சர் பதிலை எழுதும் முன்பே அதில் திருப்தியடைவதைச் சிலர் சோம்பல் என்கிறார்கள். அதன் பெயர் 'முன்கூட்டிய நம்பிக்கை'.

நூற்று எண்பத்தேழாவது கேள்வி கமென்ப்ரோத் என்ற ஊரைப் பற்றியது. ஊரின் நடுவில் ஆறு. இந்தக் கரையில் தேவாலயம், கடை, மருந்தகம். அந்தக் கரையில் நாற்பது வீடுகள், பெரும்பாலும் வயதானவர்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருந்த நடைபாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மருந்தகம் என்பது உண்மையில் ஒரே ஒரு செவிலிதான். பெயர் நெவேனா. பாலம் போன பிறகு அவர் மருந்துப் பையைத் தலையில் வைத்து, முக்காட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆற்றில் இறங்கி நடந்தார். மார்ச் மாதம் பனி உருகி வரும்போது தண்ணீர் நெஞ்சுக்கு வரும். ஒரு மார்ச்சில் அவர் அறுபது மீட்டர் அடித்துச் செல்லப்பட்டு ஒரு வில்லோ மரத்தைப் பிடித்துக்கொண்டார். பை போய்விட்டது.

அவர் எனக்கு எழுதிய முதல் மூன்று கடிதங்களும் 'பரிசீலனையில்' இருந்தன. நான்காவதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தார். எனவே கேள்வி கேட்டேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. நெவேனாவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் நான்கு மணி நேரம் பேருந்தில் வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா அடை ஒன்றைத் துணியில் சுற்றி எனக்காகக் கொண்டு வந்திருந்தார்கள். அவையில் இருநூற்று நாற்பது இருக்கைகள். பத்தொன்பது பேர் இருந்தோம். மற்றவர்கள் தொகுதிப் பணிக்குப் போயிருந்தார்கள். தொகுதிப் பணி வியாழக்கிழமை மதிய உணவோடு தொடங்கிவிடும்.

பொதுப்பணி அமைச்சர் அஸ்பாருக் தோபலோவ் கையில் அன்று இரண்டு பதில்கள். முதல் பதில் தெற்குக் கடற்கரை பற்றியது. அந்தக் கேள்வியைக் கேட்ட உறுப்பினர் மைத்துனி கல்யாணத்துக்குப் போய்விட்டதால் கேள்வி விடுபட்டது. கேள்வி விடுபட்ட செய்தி அமைச்சர் கையில் இருந்த தாளுக்குத் தெரியாது.

நான் பாலக் கேள்வியை நல்ல குரலில் படித்தேன். உட்கார்ந்தேன். ஊருக்குப் போகிற வழியில் எந்த உணவகத்தில் ஆற்று மீன் நன்றாக இருக்கும் என்ற கொள்கைப் பிரச்சினையில் ஆழ்ந்தேன். அமைச்சர் படித்ததை அவைக் குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன்: "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட இடத்தில் கோடைக்குள் உயிர்காப்புக் கோபுரம் ஒன்று நிறுவப்படும். பயிற்சி பெற்ற நீச்சல் காவலர் நியமிக்கப்படுவார். மூன்று நிறக் கொடிகள் வழங்கப்படும். மணலின் தூய்மையில் எந்தச் சமரசமும் இருக்காது."

பேச்சு நின்ற அமைதியை உணர்ந்து நான் எழுந்தேன். கமென்ப்ரோத் மக்கள் சார்பில் முழுத் திருப்தி தெரிவித்தேன். பதினெட்டுப் பேர் கை தட்டினார்கள். கேள்வி முடிந்தது என்று அவைத் தலைவர் மணி அடித்து அறிவித்தார்.

தாழ்வாரத்தில் நெவேனா காத்திருந்தார்.

"ஐயா, எங்க ஊர்ல மணல் எங்க இருக்கு?"

இது ஏதோ கிராமத்து விடுகதை என்று நினைத்துப் புன்னகைத்தேன்.

"அந்தக் கொடி எதுக்குன்னும் விளங்கல. இல்லாத பாலத்துல கட்டறதுக்கா?"

"எந்தக் கொடி?" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஊசி போடும் முன் நரம்பு எங்கே என்று தேடுகிற பார்வை. பிறகு அமைச்சர் சொன்ன அத்தனையையும் ஒரு வரி விடாமல் சொன்னார். மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

அமைச்சரைச் சிற்றுண்டிச்சாலையில் பிடித்தேன். பூண்டும் வினிகரும் ஊற்றிய குடல் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் கை விட்டார். இன்னொரு தாள் வந்தது. "கமென்ப்ரோத் நடைபாலத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது. பனிக்கு முன் தற்காலிகப் பாலம் அமைக்கப்படும். மே மாதம் நிரந்தரப் பாலத்தின் பணி தொடங்கும்."

பதினோரு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது. அதைத்தான் படிக்காமல் விட்டிருந்தார்.

"அப்ப கட்டிடலாமே" என்றேன்.

"படிக்காததை எப்படிப்பா கட்டறது? அவையில சொன்னாத்தான் வாக்குறுதி. பையில இருந்தா வெறும் தாள். நாளைக்கு யார் சொல்லிக் கட்டினேன்னு தணிக்கைக்காரன் கேப்பான்."

"தப்பான தாளைப் படிச்சது நீங்கதானே?"

"நான் படிச்சேன். நீ திருப்தின்னுட்ட. கோப்பை மூடினது யாரு? நீ திறந்து குடு, அடுத்த வெள்ளிக்கிழமையே இதைப் படிச்சிடறேன்." மறுபடி சூப்பை இழுத்தார். "இப்ப அந்தக் கோபுரத்தை வேற நான் கட்டியாகணும்."

கோப்பைத் திறக்க வழி இருந்தது. எங்கள் விதிகளில் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. அவைக் குறிப்புப் பிரிவின் தலைவி யோர்தாங்கா அம்மையார் ஒரு படிவத்தை நீட்டினார். 'தெரிவித்த திருப்தியைத் திரும்பப் பெறுதல்.' முப்பது நாள் அவகாசம். காரணம் எழுத ஒரு கோடு.

"'அமைச்சரின் பதிலை நான் கவனிக்கவில்லை.' இவ்வளவு எழுதினாப் போதும், உறுப்பினர் ஐயா."

"இதுக்கு முன்னாடி யாராவது எழுதியிருக்காங்களா?"

"இது அச்சடிச்சு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. முதல் கட்டை இப்பத்தான் உங்களுக்காகப் பிரிச்சேன்."

இந்த இடத்தில் வாசகர்கள் என் நிலையைக் கருதிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பதிலை நான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், மற்ற நூற்று எண்பத்தாறின் கதி என்ன? என்னோடு கை தட்டிய பதினெட்டுப் பேரின் கதி? கோபுரத்தையும் மணலையும் கேட்டுவிட்டு மணி அடித்த அவைத் தலைவரின் கதி? ஒரு மரப்பாலத்துக்காக ஒரு தேசத்தின் கவனத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவதா?

எனவே மாற்றுக் காரணம் தேடினேன். முதலில் ஒலிபெருக்கிக் கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். தொழில்நுட்பப் பிரிவினர் இருவர் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார்கள். அமைச்சர் தாளைத் திருப்பும் சத்தம்கூடத் துல்லியமாக இருந்தது. அடுத்தது காது. தலைநகரின் மூத்த காது மருத்துவரிடம் போய், எனக்கு வெள்ளிக்கிழமைகளில் கேட்பதில்லை என்று முறையிட்டேன். முக்கால் மணி நேரம் சோதித்தார்.

"இந்த வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்லை" என்றார். "பக்கத்து அறையில ஊசி விழுந்தாக்கூட உங்களுக்குக் கேக்கணும்."

"கேக்கலைன்னா?"

"அது என் துறை இல்லை."

என் காதுகள் மிகச் சிறப்பாக இருப்பதாக ஒரு சான்றிதழும் கொடுத்தார். இன்னும் என்னிடம் இருக்கிறது.

இருபத்தெட்டாம் நாள் நெவேனா என் தொகுதி அலுவலகத்துக்கு வந்தார். யோர்தாங்கா அம்மையார் தொலைபேசியில் விதியை விளக்கியிருக்கிறார். சில அதிகாரிகளுக்கு ரகசியம் காக்கத் தெரிவதில்லை.

"ஒரு வரிதானாமே ஐயா."

"ஒரு வரிதான். ஆனா அது வெளிய வந்தா ஜனங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நீங்க கவனிக்கலைன்னு நினைப்பாங்க." குரலில் கோபமே இல்லை. "அது எங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கு நாலு கடிதாசு போட்டவ நான்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"மார்ச்சுல தண்ணி வந்துரும். அந்தப் பக்கம் சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டுக்கறவங்க ஆறு பேரு. கை நடுங்குது, கண்ணு தெரியல, தானா போட்டுக்க முடியாது. நான் போகாட்டி ரெண்டு நாள் தாங்குவாங்க. மூணாவது நாளுக்கு நான் பொறுப்பில்ல."

விஷயத்தைத் 'தீவிரப் பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்வதாக வாக்களித்தேன். வெறும் பரிசீலனை அல்ல என்பதைக் குறிப்பிட்டுச் சொன்னேன். அவர் என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, படிவத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவைக் குறிப்புப் பிரிவை மூடுவார்கள். நான்கரைக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். "அமைச்சரின் பதிலை நான்" என்று எழுதினேன். நல்ல தொடக்கம். கை அங்கேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே டிராம்கள் போயின. அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். நாலு ஐம்பத்தைந்துக்கு முடித்தேன்: "அமைச்சரின் பதிலை நான் பெரிதும் மதிக்கிறேன்."

யோர்தாங்கா அம்மையார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரை குத்தி, 'கூடுதல் திருப்தி' என்று பதிவு செய்தார். எங்கள் அவை வரலாற்றில் ஒரே கேள்விக்கு இரண்டு முறை திருப்தியடைந்த உறுப்பினர் நான் மட்டுமே.

மார்ச்சில் தண்ணீர் வந்தது. நெவேனாவால் நான்கு நாள் ஆற்றில் இறங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் போனபோது, அந்தக் கரையில் ஊசி போட்டுக்கொள்பவர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்திருந்தது. நோயாளிகள் குறைந்ததைச் சுகாதாரத் துறை ஆண்டறிக்கையில் முன்னேற்றமாகக் காட்டியிருந்தார்கள். குறைந்தவர் பெயர் பென்யோ. ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். மூன்று தேர்தலிலும் எனக்கு வாக்களித்தவர்.

ஆனால் அரசு வாக்குத் தவறுவதில்லை. ஜூன் முதல் வாரம் லாரியில் கோபுரம் வந்தது. நான்கு மீட்டர் உயரம், வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக. கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் நிறுவப்பட்ட முதல் உயிர்காப்புக் கோபுரம். பழைய பாலத்தின் தூண் நின்ற இடத்திலேயே நட்டார்கள். உறுதியான அடித்தளம் அங்கேதான் இருந்தது. கோபுரத்தோடு நீச்சல் காவலர் பிளாமெனும் வந்தான். கடற்கரையில் வளர்ந்த பையன், இருபத்தைந்து வயது, கழுத்தில் ஊதல். மூன்று கொடிகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தான்.

திறப்பு விழாவில் ரிப்பனை நான் வெட்டினேன். கேள்வி கேட்கும் உரிமை ஒரு சிற்றூரின் தலையெழுத்தை எப்படி மாற்றுகிறது என்பது பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். இந்தக் கரைக்காரர்கள் என் முன்னால் நின்றார்கள். அந்தக் கரைக்காரர்கள் வர வழியில்லாததால் அந்தக் கரையிலேயே நின்று பார்த்தார்கள்.

பேச்சு முடிந்ததும் நெவேனா கோபுரத்துக்கு அருகில் வந்தார். பை ஏற்கெனவே தலையில் கட்டியிருந்தது. மேலே இருந்த பிளாமெனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அந்தக் கரையிலேர்ந்து யாராவது கத்தினா உனக்குக் காதுல விழுமா?"

"விழும்க்கா."

"உன் நினைப்பு வேற எங்கயாவது இருந்தா?"

பிளாமெனுக்குக் கேள்வியே புரியவில்லை. கீழே குனிந்து அவரைப் பார்த்தான்.

"அதெப்படிக்கா இருக்கும்? யார் கத்தறாங்கன்னு கவனிக்கத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க."

யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கரையில் இருந்தவர்களும் அந்தக் கரையில் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பேச்சு நின்ற அமைதியை உணர்ந்து, நான் கை தட்டினேன்.