தங்கவில்லை என்று ஒரு கடிதம்

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று போனில் ஒரு குரல் இருபத்து மூன்றாவது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவ்வளவு முக்கியமாக இருந்தால் எடுத்துப் பேசித் தொலைக்க வேண்டியதுதானே என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. ஆனால் பதிவு செய்த குரலோடு சண்டை போட முடியாது. வரிசையில் அவருக்கு முன்னால் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். வந்தவர்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவாத் தெரியுதா, அதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பது தொழில். ஊரார் பார்வையையெல்லாம் சரி செய்தவருக்கு, இரண்டு நாள் தங்கப் பணம் கட்டிய ஏரிக்கரை ஹோட்டல் இழுத்து மூடப்போவது மட்டும் கண்ணில் படவில்லை. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது செய்தி வந்தது. 'வருந்துகிறோம். ஹோட்டல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. உங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகள்.'

பணம் அவருடையதாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார். அது அவர் மனைவியின் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவள் லேபில் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகத் தினமும் விடியற்காலை ஐந்தரைக்கே போய் நிற்க வேண்டும். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் போய் ஊசி பிடித்துச் சேர்த்த காசு அது.

"எனக்கு ஊர் சுத்திப் பாக்க வேண்டாங்க. ஏரியும் வேண்டாம், படகும் வேண்டாம். ரெண்டு நாள் என்னை யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் அவள் அந்தக் காசைக் கொடுத்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே சொகுசு அது.

வலிக்காமல் ஊசி குத்துவதில் அவள் பேர்போனவள். வீட்டில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

"காசு வந்துச்சா?"

"வந்துடும். பாத்துக்கிட்டிருக்காங்க."

"எதை? உங்க மூஞ்சியையா?"

ஒருவழியாக லைன் கிடைத்தது. புக்கிங் கம்பெனியின் பெண் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது.

"சார், இதை நீங்களே கேன்சல் பண்ணியிருக்கீங்களே."

"ஹோட்டலே இல்லைன்னு நீங்கதானம்மா மெசேஜ் அனுப்பினீங்க? கீழ கேன்சல்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கினேன்."

"அதான் சார் தப்பு. ஹோட்டல் கேன்சல் பண்ணினா முழுப் பணமும் வரும். கஸ்டமர் கேன்சல் பண்ணினா ஒண்ணும் வராது."

"மூடிப்போன ஹோட்டலை நான் எப்படிம்மா கேன்சல் பண்ண முடியும்?"

"முடியாதுதான் சார். ஆனா பண்ணியிருக்கீங்க."

அவர் அந்தப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னார். அது அவளை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"சரி சார், உங்களுக்காக ஒண்ணு பண்றேன். அந்த புக்கிங்கை மறுபடி உயிரோட கொண்டு வர்றேன். அப்புறம் ஹோட்டல் இல்லைன்னு புகார் குடுங்க. ஆனா பழைய விலைக்கு இப்ப ரூம் கிடைக்காது. வித்தியாசத்தைக் கட்டிடணும்."

"மூடின ஹோட்டல்ல விலை ஏறிடுச்சா?"

"சீசன் சார்."

கட்டினார். மனைவிக்குத் தெரியாமல் கட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று கட்டிய பிறகுதான் தோன்றியது. சாயங்காலமே 'உங்கள் அறை தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு செய்தி வந்தது. மறுநாள் இன்னொரு நாற்பது நிமிடம் காத்திருந்து புகார் கொடுத்தார்.

"பதிவு பண்ணிட்டேன் சார். ஒரே ஒரு பேப்பர் மட்டும் வேணும். நீங்க அங்க தங்கலைன்னு ஹோட்டல்ல இருந்து ஒரு லெட்டர். சீல் கட்டாயம்."

"ஹோட்டல்தான் மூடிட்டாங்களேம்மா! லெட்டரை யாரு குடுப்பா?"

"ஹோட்டல்தான் சார்."

இதை மனைவியிடம் சொன்னார். வித்தியாசம் கட்டிய விஷயத்தை மட்டும் முழுங்கிவிட்டார்.

"அப்ப நேர்ல போய் வாங்கிட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் பஸ்ல உக்காந்தா அந்த ஊரு."

"போன் பண்ணிப் பாக்கறேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க. போன் அடிச்சா கதவுல தொங்கற பூட்டு வந்து எடுக்கும்."

ஒரு வாரம் போன் அடித்தார். பூட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இவர் போனை வைக்கும்போது "பூட்டு எடுத்துச்சா?" என்று கேட்பாள். அதற்குத் திட்டினாலே தேவலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் வீட்டில் அதிசயமாக அமைதி. லேபில் ஏதோ பயிற்சி என்று போய்விட்டு வந்தவள், கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். போன் விஷயத்தைக்கூட எடுக்கவில்லை. "விடுங்க, போனா போவுது" என்றாள். நல்ல பயிற்சிதான், மாதம் ஒருமுறை வைத்தால் தேவலை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த 'போனா போவுது' அவரை உறுத்தியது. பன்னிரண்டு ஞாயிறு போனால் போகிறதா? அலுத்துப்போய்க் கைகழுவிவிட்டாள் போலிருக்கிறது. காசு பெரிதில்லை, தன்னையே அவள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவாளோ என்று பயம் வந்தது. லெட்டரைக் கையோடு கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கேட்டில் சங்கிலி. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி.

"லெட்டரா?" என்றார் காவலாளி, இவர் வாயைத் திறப்பதற்குள். "எல்லாரும் அதைத்தான் கேட்டு வர்றாங்க. முதல்ல இந்த நோட்டுல பேரும் நேரமும் எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். "லெட்டர் யாருண்ணே குடுப்பாங்க?"

"மேனேஜர்தான். சீலைப் பையிலயே வெச்சுக்கிட்டு சுத்தறாரு. மூணு மணிக்கு மேல வருவாரு."

"இங்கயே நிக்கறேன்."

"இந்த வெயில்லயா? மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கு வேற நான் பதில் சொல்லணும். மேல ரூம் திறந்துதான் இருக்கு. போய் உக்காருங்க. அவர் வந்ததும் கூப்பிடறேன்."

உட்காரத்தான் போனார். சத்தியமாக உட்காரத்தான் போனார். அறையில் நாற்காலிகளையெல்லாம் கடன்காரன் தூக்கிக்கொண்டு போயிருந்தான். கட்டில் மட்டும் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்ததால் தப்பித்திருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. போன் அடிக்கவில்லை. யாரிடமும் "இதுல தெரியுதா" என்று கேட்க வேண்டியதில்லை. முதுகை ஒரே ஒரு நிமிடம் சாய்க்கலாம் என்று நினைத்ததுதான் அவருக்குக் கடைசியாக ஞாபகம்.

கண்ணைத் திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அடித்துப் பிடித்துக் கீழே ஓடிவந்தார்.

"மேனேஜர்?"

"வந்தாரு, போயிட்டாரு."

"ஏண்ணே, எழுப்பியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை வந்து பாத்தேன் சார். மூணு நாள் தூங்காதவரு மாதிரி கிடந்தீங்க. எழுப்ப மனசு வரல."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவருக்கு நிம்மதியில்லை. அவளுக்குச் சேர வேண்டிய தூக்கத்தை அல்லவா தூங்கிவிட்டு வந்திருக்கிறார்! அதுவும் நல்ல தூக்கம். அதுதான் இன்னும் குத்தியது.

"ஸ்டாக் எடுத்துட்டு வந்த மூஞ்சி மாதிரி தெரியலையே. பளிச்சுனு இருக்கு" என்றாள் மனைவி.

"ஏசி" என்றார்.

நான்கு நாள் கழித்து, முதல்முறையாகக் கம்பெனிப் பெண் தானாகவே போன் செய்தாள்.

"சார், உங்க புகாரை முடிச்சிட்டோம்."

"பணம் வருதாம்மா?"

"இல்ல சார். ஹோட்டல் மேனேஜர்கிட்ட விசாரிச்சோம். உங்க புக்கிங் நம்பருக்கு விருந்தினர் வந்து ரூம்ல தங்கினதா கையெழுத்தோட நோட்டைப் படம் புடிச்சு அனுப்பியிருக்காரு. தங்கிட்டா ரீஃபண்ட் கிடையாது சார். அப்புறம், உங்க தங்கல் எப்படி இருந்துச்சு? அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

போனை வைத்துவிட்டு எழுந்தார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: வியாழக்கிழமை, வெயில், கட்டில், காற்று. கூடவே வித்தியாசம் கட்டியதையும்.

அவள் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது.

"நோட்டுல பேர் இருக்காமா?"

"பேரெல்லாம் சொல்லல. விருந்தினர் கையெழுத்து இருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னா. நான்தானே போட்டேன், வேற யாரு?"

"ம்" என்றாள். துண்டை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாகவும் மடித்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது என்றால் வட்டியும் முதலுமாக வந்தது.

"நான் ஞாயித்துக்கிழமையும் ஊசியும் கையுமா நிக்கறேன். நீங்க ஏரிக்காத்து வாங்கிக்கிட்டு மல்லாந்து தூங்கினீங்களா? அதுவும் என் காசுல!"

"தப்புதான்."

"என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போய்!"

"அதுவும் தப்புதான்."

பிராயச்சித்தமாக ஒரு வாரம் பாத்திரம் அவர் கழுவினார். துணியும் அவரே துவைத்தார். விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து அவளுக்கு டீ போட்டார். அவள் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஞாயித்துக்கிழமை லீவு போடு. ரெண்டு பேருமா அங்க போவோம்" என்றார். "அந்தக் கையெழுத்தை அடிக்கச் சொல்லி, உன் எதிர்லயே லெட்டரை வாங்கித் தர்றேன்."

அவள் பதறினாள். "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? விட்டுத் தொலைங்க. நான்தான் மன்னிச்சிட்டேனே."

மன்னித்துவிட்டேன் என்று அவள் வாயால் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளின் காசை விடுவதா? அவள் தலைவலி என்றாள், மாத்திரை வாங்கிக் கொடுத்தார். பஸ் ஒத்துக்காது என்றாள், வாடகைக் காருக்குச் சொன்னார். அதற்குமேல் அவளிடம் காரணம் இல்லை.

காரில் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் அவர் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து காவலாளி எழுந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் போட்டேனே ஒரு கையெழுத்து, அதைக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்க. நான் தங்க வரல. அசதில கண்ணசந்துட்டேன், அவ்வளவுதான். அதனால பாவம் இவளோட காசு போயிடுச்சு. வேணும்னா இவளையே கேளுங்க."

காவலாளி அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைப்பது மாதிரி பாதியை மூடிக்கொண்டு நின்றாள்.

"உங்க கையெழுத்து கேட் நோட்டுல சும்மா கிடக்கு சார், அதை யாரும் கேக்கவே இல்ல" என்றார் காவலாளி. "மேனேஜர் படம் புடிச்சு அனுப்பினது ரூம் நோட்டு, நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் செவ்வாக்கிழமை இந்த அம்மா வந்து, காசு கட்டியாச்சு, ரூமைத் திறந்து விடுன்னு என்கிட்ட சண்டை போட்டு, அதுல கையெழுத்துப் போட்டுட்டு, அந்தக் கட்டில்லயே உங்களை விட ரெண்டு மணி நேரம் கூடத் தூங்கிட்டுப் போனாங்களே!"