ஏறாத முள்

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்குத் தச்சர் தன் பழைய பிக்கப்பின் டேஷ்போர்டைக் கழற்றினார்.

பின்னால் தொட்டில் கயிறு கட்டித் தயாராக இருந்தது. அவரே இழைத்துச் செய்தது. பேத்தி நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். மகள் வீடு மலைக்கு அந்தப் பக்கம், மூன்று மணி நேரம். குழந்தை வரும்போது தொட்டில் அங்கே இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்தான் சிக்கல். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அடியிலேயே கிடந்தது. போன வருஷம் இதே மலையில் எஞ்சின் கொதித்து, மனைவி ஒரு வளைவில் இரண்டு மணி நேரம் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"முள்ளு வேலை செஞ்சாத்தான் நான் ஏறுவேன். இல்லேன்னா தொட்டிலும் நீங்களும் போங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் இல்லாமல் போய் நின்றால் மகள் தொட்டிலை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வாள்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஆனால் மெக்கானிக் மனைவியின் தம்பி. ஒரு ஸ்பேனர் இரவல் வாங்கினாலே ஆறு மாதம் சொல்லிக் காட்டுவான்.

முதலில் எஞ்சினில் இருந்த சென்சாரை மாற்றினார். முள் அசையவில்லை.

அப்படியானால் வயர். கம்பெனி போட்ட வயரை உருவினார். பக்கத்து வயரும் கையோடு வந்தது. இரண்டுக்கும் புதிது இழுத்துச் சாவியைத் திருப்பினார். சூட்டு முள் உச்சிக்குப் போனது. டீசல் முள் படுத்துவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். நேற்றுத்தானே டேங்க் நிரப்பினீர்கள் என்று கேட்டாள்.

"நிரம்பித்தான் இருக்கு. அதைத்தான் சூடுன்னு காட்டுது."

"அப்ப சூடு?"

"அது டீசல்ல இருக்கு."

அவள் உள்ளே போனாள். அவர் வயர்களை இடம் மாற்றினார். இப்போது இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் எல்லா முட்களும் சேர்ந்து ஆடின. எர்த் விட்டுப்போயிருந்தது. பாடியில் துளை போட்டு, புதிய எர்த் வயரைத் திருகாணியால் முடுக்கினார். மரத்தில் முடுக்குவதுபோலவே முடுக்கியதில் திருகாணியின் தலை கையோடு வந்தது. இன்னொரு துளை போட்டார். ஆட்டம் நின்றது.

மணி பதினொன்று.

கடைசியாக ஒரு சோதனை. சென்சார் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டார். முள் உச்சிக்குத் தாவியது. மீட்டர் நன்றாக இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது. சென்சார் புதிது. எல்லாவற்றையும் பூட்டி, தெருவை எட்டு முறை சுற்றினார்.

முள் அடியிலேயே கிடந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் மைத்துனன் நின்றான். அக்கா போன் பண்ணியிருக்கிறாள். கையில் ஸ்பேனர்கூட இல்லை.

"நீ ஒண்ணையும் தொடாத" என்றார் தச்சர். "நானே பாத்துக்குறேன்."

"தொடல அத்தான். எஞ்சினை மட்டும் அணைக்காதீங்க."

அவன் டேஷ்போர்டுப் பக்கமே போகவில்லை. முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் உள்ளங்கையை வைத்தான். அப்படியே வைத்திருந்தான். தச்சரும் தொட்டுப் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூடுதான் இருந்தது.

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். என்னடா கெட்டுப்போயிருக்கிறது என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்தான்.

"ஒண்ணுமே கெடல அத்தான், முள்ளு உண்மையத்தான் சொல்லுது. இனிமே வண்டி சூடே ஆகக்கூடாதுன்னு, தண்ணியத் தடுத்து எஞ்சினைச் சூடாக்குற வால்வையே என்னைக் கழட்டச் சொன்னா அக்கா. உங்ககிட்ட சொல்லலையா?"